தெரு ரோட்டுக்கு நாமே காசு போட்டுக்கொள்ளலாம் என்று கிளம்புகிறவர்களுக்கு: எங்கள் ரூ.3,90,000 போன கதை

நேற்று ராத்திரி மழையில் மிச்சமிருந்த தாரும் பெயர்ந்துவிட்டது. கோபத்தில்தான் எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் தெருவில் 26 வீட்டுக்காரர்கள் வீட்டுக்கு 15,000 போட்டுச் சேர்த்த மூன்று லட்சத்துத் தொண்ணூறாயிரம் ரூபாய் ஒரு ரோடு கான்ட்ராக்டரிடம் போய்விட்டது. வீடு வீடாகப் போய் வசூல் பண்ணியது நான். அவர் கணக்குக்கு அனுப்பியதும் என் போனில் இருந்துதான். என்னென்ன பார்க்கவேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன், முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் மனைப்பிரிவு சென்னைக்குத் தெற்கே ஒரு கிராம ஊராட்சியில் இருக்கிறது. "பஞ்சாயத்து அப்ரூவ்டு, 23 அடி ரோடு" என்று விற்ற மனைகள். மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் கொடுக்கிற அதிகாரமே ஊராட்சித் தலைவருக்குக் கிடையாது என்பது, 2016-ல் உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளின் பத்திரப்பதிவை நிறுத்தியபோதுதான் எங்களில் பாதிப்பேருக்குத் தெரிந்தது. 2017-ல் அப்படிப்பட்ட மனைகளைச் சட்டப்படி முறைப்படுத்திக்கொள்ள வரன்முறைத் திட்டம் வந்ததும் ஆளாளுக்கு ஓடிப்போய்ப் பணம் கட்டி மனையை வரன்முறை பண்ணிக்கொண்டோம். ரோட்டைப் பற்றி ஒருவரும் யோசிக்கவில்லை. மனை போட்டு விற்றவர் ரோட்டைத் தானப் பத்திரம் எழுதி ஊராட்சிக்கு ஒப்படைத்திருக்க வேண்டும். அவர் செய்யவில்லை. இன்றைக்கும் ஆன்லைனில் சர்வே எண்ணைப் போட்டுப் பட்டா பார்த்தால் அவர் பேர்தான் வருகிறது. அவர் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது.

ஆகஸ்ட் 15 கிராம சபைக்குப் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து போனோம். எங்கள் எதிர்வீட்டு ரிட்டயர்டு வாத்தியார் எழுந்து கேட்டார்: "தலைவரே, வீட்டு வரி வாங்கும்போது மட்டும் இது தனியார் ரோடுன்னு தெரியலையா? லைட்டு போட்டிருக்கீங்க, குப்பை எடுக்கிறீங்க, ரோடு மட்டும் எங்களோடதா?" கூட்டத்தில் கைதட்டல். தலைவர் கோபப்படவில்லை. "சார், வரி வீட்டுக்கு வாங்குறோம். ரோடு பஞ்சாயத்து பேர்ல இல்லை. அடுத்தவன் பட்டா இடத்துல பொதுப் பணத்தைப் போட்டா ஆடிட்ல என் தலைதான் உருளும். தானப் பத்திரம் வாங்கிட்டு வாங்க, நானே முன்ன நின்னு போட்டுத் தர்றேன்." அப்புறம் ஊராட்சிச் செயலர் ஒரு வழி சொன்னார். ரோடு ஊராட்சி பேருக்கு வந்துவிட்டால் நமக்கு நாமே திட்டத்தில் எழுதலாம், மூன்றில் ஒரு பங்கை நாம் கட்டினால் மீதியை அரசு போடும். எங்கள் தெருவுக்கு சிமென்ட் ரோடு என்றால் குத்துமதிப்பாக ஒன்பது லட்சம், உங்கள் பங்கு மூன்று லட்சம் என்றார்.

அங்கேயே சண்டை ஆரம்பித்துவிட்டது. வரியும் கட்டி ரோட்டுக்கும் கட்டணுமா என்று ஒரு கூட்டம், முனை வீட்டுக்காரர் ரோட்டை மிதிப்பதே இல்லை அவருக்கு எதற்கு முழுப் பங்கு என்று இன்னொரு கூட்டம், மாடி வாடகை விடுகிறவர்கள் இரண்டு பங்கு கட்டட்டும் என்று வாட்ஸ்அப்பில் இரண்டு நாள் ஓடியது. அன்றைக்கு மூன்று லட்சம் கட்டமாட்டோம் என்று கத்திய நாங்கள்தான் ஒரு மாதம் கழித்து மூன்று லட்சத்துத் தொண்ணூறாயிரத்தை முன்பின் தெரியாத ஒருவரிடம் கொடுத்தோம். எழுதும்போதே வயிறு எரிகிறது.

ஏன் கொடுத்தோம் என்றால், தானப் பத்திரத்துக்கு மனை விற்றவருடைய மூன்று வாரிசுகளும் கையெழுத்துப் போடவேண்டும். இரண்டு பேர் சரி என்றார்கள். மூன்றாமவர் வெளிநாட்டில், போனே எடுப்பதில்லை. ஐப்பசி மழை நெருங்குகிறது. ஆட்டோக்காரர்கள் முனையிலேயே இறங்கிக்கொள்ளச் சொல்கிறார்கள். மூன்றாவது வீட்டுப் பெண், ஏழு மாதக் கர்ப்பிணி, ஸ்கூட்டியோடு பள்ளத்தில் சாய்ந்தாள். நல்லவேளை ஒன்றும் ஆகவில்லை. அன்று சாயந்திரமே, எவனையும் எதிர்பார்க்க வேண்டாம், நாமே போட்டுக்கலாம் என்று முடிவாகிவிட்டது.

ஏசி ரிப்பேர், பெயின்டிங், பிளம்பிங் எல்லாவற்றுக்கும் ஆள் பிடித்துக் கொடுக்கிற ஒரு ஆப் இருக்கிறதே, அந்த மாதிரி ஒன்றில் தேடினோம். "சரிபார்க்கப்பட்டவர்" என்று பச்சை டிக்கோடு ஒருவர் வந்தார். 4.7 நட்சத்திரம்.

அவர் வந்த அன்றைக்கு நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் நாங்கள் விழுந்தது அங்கேதான். வந்ததும் ரேட் பேசவில்லை. டேப் எடுத்து 180 மீட்டர் நீளத்தையும் நடந்து அளந்தார். எங்கள் வீட்டுக் கடப்பாரையை வாங்கி ரோட்டோரம் ஒரு குழி பறித்து மண்ணை எடுத்து உள்ளங்கையில் உருட்டிக் காட்டினார். "பாருங்கக்கா, களிமண்ணு. உருண்டையா நிக்குது பாருங்க. இது மேல அப்படியே தாரைப் போட்டா ஒரு மழைக்கு நிக்காது. ஜல்லி போட்டு உருட்டி, அது மேல தார் 30 எம்எம் போடணும். எவனாவது 20க்குப் போடுறேன்னு வந்தா உள்ள விடாதீங்க." பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டுத்தான் வீடெல்லாம் பள்ளத்துக்குப் போகிறது, 2021-ல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு சாரே சுரண்டிவிட்டுத்தான் போடணும் என்று அதிகாரிகளுக்கு எழுதினார், ஞாபகம் இருக்கா என்று கேட்டார். எனக்கு ஞாபகம் இருந்தது. தார்க் கலவை ஆறிப்போய் வந்தால் இறக்கவே விடாதீர்கள், லாரிமேல் தார்ப்பாய் மூடியிருக்கிறதா பாருங்கள் என்றும் அவரே சொன்னார்.

காபி கொடுத்தேன். சர்க்கரை வேண்டாம் என்று வாங்கிக் குடித்தார். "என்னை உங்க தம்பி மாதிரி நினைச்சுக்குங்கக்கா. பணம் கையில வேணாம், அக்கவுண்ட்லயே போடுங்க, எல்லாம் வெள்ளையா இருக்கட்டும்." இதைக் கேட்டதும் வாத்தியாரே என்னைப் பார்த்துத் தலையாட்டினார். மொத்தம் ஆறரை லட்சம், அறுபது சதவீதம் அட்வான்ஸ். அதாவது அதே மூன்று லட்சத்துத் தொண்ணூறாயிரம். ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கினோம். பணம் போன கணக்கு ஏதோ ஒரு டிரேடர்ஸ் பேரில் இருந்தது. "மாமா கம்பெனிக்கா" என்றார். சரி என்று விட்டேன். இதை எத்தனை தடவை நினைத்து நினைத்துத் தூக்கம் போயிருக்கிறது தெரியுமா?

ஒன்பது நாள் கழித்து ஒரு ஜேசிபி வந்தது. முனையில் நாற்பது மீட்டர் சுரண்டியது, ஒரு லோடு ஜல்லி கொட்டியது, போய்விட்டது. அடுத்த சனிக்கிழமை சாயந்திரம் ஆறு மணிக்கு மேல், லைட் போட்ட பிறகு, ஒரே ஒரு டிப்பரில் கலவை. தார்ப்பாய் இல்லை. புகையே வரவில்லை. வாத்தியார் குனிந்து ஒரு கை அள்ளினார், சும்மா அள்ளினார், கை சுடவே இல்லை. நூறு டிகிரிக்குக் கீழே ஆறுவதற்குள் உருட்டி முடிக்கவேண்டிய சரக்கு அது என்பது பின்னால் தெரிந்துகொண்டது. ரோலர் எங்கே என்று கேட்டால், கையால் தள்ளுகிற உருளை ஒன்றை இறக்கினார்கள். ஆட்கள் எல்லோரும் வேறு மாநிலம், இவர் இல்லை. போனில் "அக்கா அது டெம்பரவரி, பெரிய ரோலர் திங்கக்கிழமை வந்து மறுபடி உருட்டும்" என்கிறார். சுரண்டாத இடத்தில் அந்தப் பழைய பள்ளம், மண், பால் கவர் எல்லாவற்றின் மேலும் பரப்பிக்கொண்டே போனார்கள். மொத்தம் அறுபது மீட்டர். மீதி நூற்றிருபது மீட்டரில் ஒரு கல் விழவில்லை.

முதல் மழைக்கு அடுத்த நாள் காலையில் எங்கள் வீட்டுக்கு எதிரே தண்ணி கேன் வண்டி திரும்பியது. டயரோடு தார் சுருண்டு வந்தது, நான்ஸ்டிக் கல்லில் இருந்து தோசை வருகிற மாதிரி, ஓட்டை இல்லாமல் முழுசாக. என் பையன் ஸ்கூல் ஸ்கேலை வைத்து அந்தத் துண்டை அளந்தான். 12 எம்எம். 20க்குப் போடுறவனை உள்ளே விடாதீர்கள் என்று சொன்ன ஆள் போட்டது 12. அடியில் பால் கவர் ஒட்டிக்கொண்டிருந்தது, விலை கூடப் படிக்க முடிந்தது.

யோசித்துப் பாருங்கள், அந்த மனிதர் காபி குடித்துக்கொண்டே எப்படி எப்படி ஏமாற்றுவார்கள் என்று வரிசையாகச் சொன்னார், அதை வரிசை மாறாமல் செய்தார். தொழில் தெரிந்தவர் என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமே இல்லை.

அதற்கப்புறம் போன். முதல் வாரம் ரோலர் ரிப்பேர். இரண்டாவது வாரம் பிளான்ட்டில் தார் வரவில்லை. மூன்றாவது வாரம் "மழை நிக்கட்டும்க்கா, மழையில போட்டா உங்க காசுதானே வேஸ்ட்". நான்காவது வாரம் அக்கா போய் மேடம் ஆகிவிட்டேன்: "மேடம், மீதி பணம் குடுங்க, மீதி வேலை நடக்கும்." இப்போது என் நம்பரை பிளாக் பண்ணியாகிவிட்டது. ஆப்காரர்களுக்குப் புகார் போட்டால், நாங்கள் அறிமுகம் மட்டும்தான் செய்கிறோம், பணம் எங்கள் வழியாக வரவில்லை என்று ஒரே பதில், மூன்று தடவை, ஒரு எழுத்து மாறாமல். பிறகு அவர்களாகவே "தீர்க்கப்பட்டது" என்று புகாரை மூடிவிட்டார்கள். அந்தப் பச்சை டிக் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

ஸ்டேஷனில் சிவில் மேட்டர் என்றார்கள். உட்கார்ந்து உட்கார்ந்து, கடைசியில் புகாரை வாங்கிக்கொண்டோம் என்று ஒரு சிஎஸ்ஆர் ரசீது மட்டும் கிடைத்தது, வழக்கு இல்லை. ஊராட்சி ஆபீஸுக்குப் போய், ஓவர்சியரை விட்டுக் கனத்தை அளந்து ஒரு சர்டிபிகேட்டாவது கொடுங்கள் என்று கேட்டேன். செயலர் என்னைப் பார்த்த பார்வையில் கிண்டல் இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "மேடம், எங்க வேலையா இருந்தா அளவு புத்தகத்துல ஏத்தி, அளந்துதான் பில் போடுவோம். இது உங்க ரோடு, உங்க கான்ட்ராக்டர். நான் எப்படி எழுதித் தர முடியும்?" அரசு வேலையில் கமிஷன் அடிக்கிறார்கள் என்று ஆயிரம் பேசுகிறோம், நானும்தான் பேசியிருக்கிறேன். ஆனால் அங்கே பேருக்காவது ஒருவர் அளந்து கையெழுத்துப் போடவேண்டும். எங்கள் தெருவில் அளந்தது என் பையனின் ஸ்கேல்.

இப்போது நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் பண்ணி விசாரித்தாயிற்று. ஐந்து லட்சம் வரைக்கும் கட்டணமே கிடையாது, ஆன்லைனிலும் போடலாம், இரண்டு வருஷத்துக்குள் போடவேண்டும். இதில் சிக்கல் என்னவென்றால் எங்கள் சங்கம் பதிவே பண்ணாத சங்கம். பணம் 26 பேருடையது, அனுப்பியது என் கணக்கிலிருந்து, வாங்கிய கணக்கு மாமாவுடையது. யார் பேரில் போடுவது, யார் மேல் போடுவது? வக்கீல் தாளை முன்னே பின்னே திருப்பிப் பார்த்துவிட்டு "கனம் எங்கேம்மா எழுதியிருக்கு?" என்றார். எழுதவில்லை. வாயால் சொன்னதோடு சரி. தாளில் இருப்பது "தார் ரோடு போட்டுத்தருகிறேன்" என்பது மட்டும்தான்.

விவரமாக எழுதுகிறேன் என்று சொன்னேன், ஆனால் வாசலில் பெல் அடிக்கிறது, ஆறாம் நம்பர் வீட்டு அம்மாவாக இருக்கும், தினமும் இந்த நேரத்துக்கு அவர்களுடைய 15,000 கேட்டு வருவார்கள், அவர்களையும் தப்புச் சொல்ல முடியாது. அதனால் சுருக்கமாக. ரோடு யார் பேரில் இருக்கிறது என்று பட்டாவும் வில்லங்கமும் போட்டுப் பார்க்காமல் ஒரு ரூபாய் வசூலிக்காதீர்கள். வாரிசுகள் உயிரோடும் சமாதானமாகவும் இருக்கும்போதே தானப் பத்திரத்தை வாங்கிவிடுங்கள். அட்வான்ஸ் அறுபது சதவீதம் கேட்டால் வாசலோடு அனுப்பிவிடுங்கள், எத்தனை மீட்டர் முடிந்ததோ அதற்கு மட்டும் அளந்து கொடுங்கள். கனம், அகலம், ஜல்லி எல்லாம் தாளில் இருக்கவேண்டும். அடுத்தவர் பேரில் இருக்கிற கணக்குக்கு அனுப்பாதீர்கள். இருட்டின பிறகு தார் இறக்கவே விடாதீர்கள்.

செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கம் யார் தெருவுக்காவது ஒருவர் கடப்பாரை கேட்டு வாங்கிக் குழி பறித்து மண்ணை உருட்டிக் காட்டினால், சர்க்கரை இல்லாத காபி கேட்டால், தயவுசெய்து கமென்ட்டில் சொல்லுங்கள். மூன்று லட்சத்துத் தொண்ணூறாயிரம். பெல் மறுபடி அடிக்கிறது, போகிறேன்.