வாட்ஸ்அப் குழுவா, இ-பேர்டா, ஐநேச்சுரலிஸ்டா: பின்வாசலில் பார்த்ததை எங்கே சொல்வது?

பங்குனி பிறந்து பத்து நாள் இருக்கும். காலை ஆறேகால். மதுரையில் எங்கள் வீட்டுப் பின்வாசல் செம்பருத்திக்குள்ளிருந்து ‘டெக்... டெக்...’ என்று யாரோ நாக்கைத் தட்டுவது போல ஒரு சத்தம். ஐப்பசியிலிருந்து தினமும் கேட்பதுதான். பிளித் நாணல் கதிர்க்குருவி. மேலே வேப்பமரத்தில் ஒரு காகம் கட்டுக்கம்பித் துண்டைக் கவட்டையில் செருகிப் பார்த்து, சரிவராமல் உருவி, மறுபடி செருகிக்கொண்டிருந்தது. இரண்டு வீடு தள்ளிக் குயில். மதில்மேல் ஓர் ஓணான், தலையும் கழுத்தும் சிவந்து, தண்டால் எடுத்துக்கொண்டிருந்தது.

அரிதான எதுவும் இந்த நாலில் இல்லை. ஆனாலும் இதே கிறுக்குப் பிடித்த வேறு யாரிடமாவது சொன்னால்தான் மனசு ஆறும். சொல்வதற்கு இன்று இடங்களுக்குப் பஞ்சமில்லை. சில வருடங்களாக எல்லாவற்றிலும் காலை விட்டுப் பார்த்தாயிற்று. அந்த அனுபவத்தில், இந்த நாலு காட்சியையும் ஒவ்வோர் இடத்திலும் போட்டால் என்ன ஆகும் என்று பார்ப்போம்.

வாட்ஸ்அப் குழு

வேகத்தில் பறவை ஆர்வலர்களின் வாட்ஸ்அப் குழுவை அடித்துக்கொள்ள ஆளில்லை. போன சித்திரையில் கூட்டிலிருந்து இறங்கிய கொண்டைக்குருவிக் குஞ்சு ஒன்று எங்கள் வாசல்படியில் உட்கார்ந்திருந்தது. பூனை நடமாட்டம் உள்ள தெரு. படம் எடுத்துப் போட்டு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. “கையில எடுத்து வளர்க்காதீங்க சார், செடிமேல தூக்கி வச்சிட்டு உள்ள போயிடுங்க, தாய் வந்துடும்” என்று பதில் வந்தது. அப்படியே செய்தேன். கதவு இடுக்கு வழியாகப் பார்த்தால் கால் மணி நேரத்தில் தாய் வாயில் புழுவோடு வந்து நின்றது. இந்த உதவியை வேறு எந்தச் செயலியும் செய்யாது. பேச்சும் சுவையாக இருக்கும். ஒருவர் செம்போத்து என்பார், இன்னொருவர் செண்பகம் என்பார், அந்த வழக்கு ராத்திரி வரை ஓடும்.

சிக்கல் எங்கே என்றால், குழுவுக்குப் படம் வேண்டும், அதுவும் அழகான படம். மாங்குயிலுக்கு முப்பது கைதட்டல் விழும். கட்டுக்கம்பி தூக்கும் காகத்துக்கு ஒன்று விழலாம், அதுவும் நாம் போன வாரம் அவர் படத்துக்குக் கைதட்டியிருந்தால். ‘இன்றும் கதிர்க்குருவிச் சத்தம் கேட்டது’ என்று எழுதினால்? ஒருவரும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டார்கள். சாயங்காலத்துக்குள் பிறந்தநாள் வாழ்த்துகளுக்கு அடியில் போய்விடும். தேடி எடுக்கவும் முடியாது. படத்தைப் படமாகவே அனுப்பினால் அதற்குள் பதிந்திருக்கும் இடமும் நேரமும் உதிர்ந்துவிடும் (டாக்குமென்ட்டாக அனுப்பினால் தங்கும், யார் அப்படி அனுப்புகிறார்கள்?).

அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று உண்டு. அதில் குற்றவாளி நானேதான். மூன்று வருடம் முன்பு மாசிக் கடைசியில், ஒரு பட்ட மரப்பொந்தில் புள்ளி ஆந்தை ஜோடியைப் பார்த்தேன். மகிழ்ச்சியில் படத்தோடு எந்த ரோடு, எந்தத் திருப்பம் என்பதையும் குழுவில் எழுதிவிட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனால் ஏழெட்டுக் கேமராக்கள். ஒருவர் ஆந்தையை வெளியே வரவைக்க மரத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டத்தில் முட்டையையும் கூட்டையும் தொந்தரவு செய்வதும் வேட்டை என்ற சொல்லுக்குள்தான் வருகிறது. அன்றைக்கு அது எனக்குத் தெரியாது, தட்டியவருக்கும் தெரிந்திருக்காது. பொந்தை அந்த ஜோடி விட்டுப் போய்விட்டது. வாட்ஸ்அப்பில் இடத்தை மறைக்கும் வசதி என்று தனியாக எதுவும் கிடையாது. நம் வாயைக் கட்டுவதுதான் ஒரே வழி.

ஃபேஸ்புக் குழுக்களும் ஏறக்குறைய இதே கதைதான். ஆட்கள் அதிகம், சண்டையும் அதிகம். பழைய பதிவைத் தேடி எடுக்க வாட்ஸ்அப்பைவிடக் கொஞ்சம் வசதி. அதற்குமேல் சொல்ல எனக்கு எதுவும் இல்லை.

இ-பேர்ட்

அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபான் சங்கமும் சேர்ந்து 2002-இல் தொடங்கிய பறவைப் பட்டியல் தளம். முதல் பார்வைக்கு வருமான வரிப் படிவம் மாதிரி இருக்கும். எத்தனை மணிக்குத் தொடங்கினீர்கள், எத்தனை நிமிடம் பார்த்தீர்கள், நின்ற இடத்திலேயே பார்த்தீர்களா நடந்தீர்களா, எத்தனை காகம், எத்தனை மைனா என்று கேட்டுக்கொண்டே போகும். படம் கட்டாயமில்லை. காதில் கேட்டதும் கணக்கில் சேரும். ஆக, செம்பருத்திக்குள் முகம் காட்டாமல் டெக் டெக் என்கிற குருவிக்கு இங்கேதான் முதல் மரியாதை.

கடைசியாக ஒரு கேள்வி வரும்: நீங்கள் அடையாளம் கண்ட எல்லாப் பறவைகளையும் குறித்துவிட்டீர்களா? ஆம் என்றால் அது முழுப் பட்டியல். இந்த ஒரு கேள்விக்காகவே இ-பேர்டுக்கு என் ஓட்டு. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

குளிர் நாடுகளில் வசந்தம் என்றால் பறவைகள் வருகிற காலம். நமக்கு அது போகிற காலம். பங்குனி, சித்திரையில் வாலாட்டிகள், தகைவிலான்கள், சூறைக்குருவிகள், இந்தக் கதிர்க்குருவி எல்லாம் வடக்கே கிளம்பிவிடும். வருகையைக் கவனிப்பது சுலபம். ஐப்பசியில் முதல் டெக் காதில் விழுந்ததும், ‘ஆகா, வந்துவிட்டது’ என்று அந்த நாளிலேயே தெரிந்துவிடும், குழுவிலும் போடலாம். போவது அப்படியா? கடைசி நாளன்று அது கடைசி நாள் என்று நமக்குத் தெரியாது. பத்து நாள் கழித்து ஒரு காலையில் திடீரென்று உறைக்கும்: அந்தச் சத்தம் எப்போது நின்றது? நேற்றா, போன வாரமா? சாதாரண நாட்களை விடாமல் எழுதிவைத்தவர்களால் மட்டுமே இதற்குப் பதில் சொல்ல முடியும். அதோடு, ‘இன்று பார்த்தேன், அது இல்லை’ என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். முழுப் பட்டியல் அதைத்தான் செய்கிறது. எழுதாத பறவை அன்று கண்ணிலோ காதிலோ படவில்லை என்று பொருள். மற்ற எந்த இடத்திலும் இல்லாததைச் சொல்ல வழி கிடையாது.

இப்படிச் சேர்ந்த சாதாரணப் பட்டியல்களிலிருந்துதான் ‘இந்தியப் பறவைகளின் நிலை’ அறிக்கை வந்தது. 2023 அறிக்கைக்கு முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்களின் சுமார் 3 கோடிப் பதிவுகள் அடிப்படை. 942 இனங்களை அலசியிருக்கிறார்கள். நம் குயில் பெருகிவருகிறது என்பது அதில் தெரிந்த சங்கதிகளில் ஒன்று. குயிலையும் மயிலையும் ‘தினமும் பார்க்கிறதுதானே’ என்று எல்லோரும் விட்டிருந்தால் இதைச் சொல்லியிருக்கவே முடியாது. 2015 முதல் ஜனவரியில் நடக்கிற பொங்கல் பறவைக் கணக்கெடுப்பும் இ-பேர்டில்தான். கால் மணி நேரம் மொட்டைமாடியில் நின்றால் போதும், ஒரு பட்டியல் ஆயிற்று.

குறைகள் இல்லாமலா? ஓணானுக்கு இங்கே இடமில்லை, பறவை மட்டும்தான். அரட்டை கிடையாது. எண்ணிக்கையை அதிகமாகப் போட்டால், இந்த மாதத்தில் இருக்கக்கூடாத பறவையைப் போட்டால், விவரம் எழுதச் சொல்லும். பிறகு உள்ளூர்த் தன்னார்வச் சரிபார்ப்பாளரிடமிருந்து மின்னஞ்சல் வரும். முதல் தடவை எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. இன்னொன்று, யார் எத்தனை இனம் பார்த்தார்கள் என்ற வரிசை. அதில் மாட்டிக்கொண்டால் குருவி மறந்து எண்தான் மிஞ்சும். சத்தத்தைக் கேட்டுப் பறவையை ஊகிக்கிற மெர்லின் செயலி காட்டுகிற பெயர்களை அப்படியே பட்டியலில் ஏற்றுகிற பழக்கமும் இப்போது பரவிவருகிறது. பார்க்காததை, காதுக்கும் பழக்கமில்லாததை எழுத வேண்டாம் என்பது என் கட்சி.

ஆந்தை விஷயத்தில் இங்கே கொஞ்சம் பாதுகாப்பு உண்டு. ஆபத்தில் உள்ள சில இனங்களின் இடத்தை அதுவே மறைத்துவிடும். புள்ளி ஆந்தை போன்ற பொதுவான பறவை அந்த வரிசையில் வராது. பட்டியலை மறைத்துவைக்க வழியிருக்கிறது. நான் இப்போது குஞ்சு பறந்த பிறகே வெளியே விடுகிறேன்.

ஐநேச்சுரலிஸ்ட்

இதுவும் அமெரிக்கச் சரக்குதான். 2008-இல் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்களின் முதுகலைத் திட்டமாகத் தொடங்கியது. இங்கே எல்லா உயிருக்கும் இடமுண்டு. பூஞ்சை, தட்டான், எருக்கஞ்செடி, ஓணான் எதுவானாலும் சரி. படமோ ஒலிப்பதிவோ போட்டால் முதலில் கணினி ஒரு பெயரை ஊகிக்கும், பிறகு மனிதர்கள் வந்து ஒப்புவார்கள் அல்லது திருத்துவார்கள். குறைந்தது இரண்டு பேர் சொல்லி, மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துப்போனால் ‘ஆய்வுத் தரம்’ என்று முத்திரை விழும்.

மதில்மேல் இருந்த அந்த ஓணானை இங்கேதான் போட்டேன். படம் எடுக்கும்போது அத்தை பின்னால் வந்து, “இந்நேரத்துக்கு அதைப் போய் படம் எடுக்கிறியே, தொப்புள்ல ரத்தத்தை உறிஞ்சிரும்டா, பாரு கழுத்தெல்லாம் சிவந்து கிடக்கு” என்றார். அது இணை தேடும் பருவத்து ஆணின் நிறம் என்று சொன்னேன், அவர் நம்பவில்லை. ஐநேச்சுரலிஸ்டில் வேறொருவர் வந்து பெயரை உறுதிசெய்ததோடு, 2021-இல் வந்த ஓர் ஆய்வில் தெற்காசிய ஓணானைப் பல இனங்களாகப் பிரித்துவிட்டார்கள், பழைய பெயர் நம் தென்பகுதி ஓணானுக்கு நிலைத்திருக்கிறது என்றும் எழுதினார். ஒரு மதில் ஓணானைப் பற்றி இவ்வளவு செய்தி வாட்ஸ்அப்பில் வந்திருக்குமா? சந்தேகம்தான்.

இடம் மறைப்பதில் முதல் மதிப்பெண் இதற்குத்தான். பதிவு ஒவ்வொன்றுக்கும் நாமே மறைக்கலாம். மறைத்தால் பக்கத்துக்குச் சுமார் 20 கிலோமீட்டர் உள்ள ஒரு கட்டத்துக்குள் எங்கோ என்றுதான் அடுத்தவருக்குத் தெரியும். அன்று இது தெரிந்திருந்தால் அந்த ஆந்தைகள் பொந்தைவிட்டுப் போயிருக்காது.

ஆனால் சான்று இல்லாத காட்சிக்கு இங்கே மதிப்பில்லை. கதிர்க்குருவியை நான் கேட்டேன் என்று சொன்னால் போதாது, பதிவுசெய்திருக்க வேண்டும். எனது போனில் ஐந்து தடவை முயன்றேன். ஐந்திலும் பக்கத்து வீட்டு மோட்டார் சத்தம்தான். சின்ன அந்துப்பூச்சிகளைப் போட்டால் மாதக்கணக்கில் யாரும் எட்டிப்பார்க்க மாட்டார்கள். முக்கியமாக, இன்றைக்கு எது இல்லை என்பது இதிலும் தெரியாது. கண்ணில் பட்டதில் எனக்குப் பிடித்ததை மட்டும்தானே போடுகிறேன்.

மரத்தில் ஆர்வம் உள்ளவர்களுக்கு சீசன்வாட்ச் என்று இந்தியத் திட்டம் ஒன்று இருக்கிறது. ஒரே மரத்தை வாராவாரம் பார்த்து, தளிர், பூ, காய் எவ்வளவு என்று குறிக்க வேண்டும். தெருமுனைக் கொன்றையை எடுத்துக்கொண்டேன். சித்திரைக்கு முன்பே அது பூத்துவிடுகிறதா என்று பார்க்க ஆசை. ஆறாவது வாரம் விட்டுப்போனது. அந்த ஒழுங்கு எனக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

காலண்டர்

அப்புறம் ஒன்று இருக்கிறது, பகிர்வதில் சேருமா என்று தெரியவில்லை. எங்கள் வீட்டு அடுப்படி மாதக் காலண்டர். பால் கணக்கு எழுதுகிற கட்டத்திலேயே மூலையில் நானும் எழுதுவேன்: ‘க.கு.’ என்றால் கதிர்க்குருவி. அத்தை முதலில் ‘கடன் குடுத்தது’ என்று நினைத்துப் பால்காரரிடம் கேட்டேவிட்டார். இப்போது அவரே காலையில் “இன்னைக்கு அந்த டெக்குக்காரன் வந்தானா?” என்கிறார். என் வலைக்கு வெளியே இருந்த ஒருவரை இழுத்துப்போட்டது இந்தக் காலண்டர்தான். மற்ற மூன்றும் ஏற்கெனவே கிறுக்குப் பிடித்தவர்களைத்தான் சேர்த்துவைக்கின்றன.

ஆக என் பங்கீடு இப்படி: அவசரமும் அரட்டையும் வாட்ஸ்அப்புக்கு, கூட்டைப் பற்றி அங்கே மூச்சுவிடுவதில்லை. பூச்சி, ஓணான் ஐநேச்சுரலிஸ்டுக்கு. ஒன்றே ஒன்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும் என்றால், தயங்காமல் இ-பேர்ட். புதிதாகத் தொடங்குகிறவர்கள் அதன் படிவத்தைப் பார்த்து மிரண்டால், ஒரு மாதம் காலண்டரில் எழுதிவிட்டு வாருங்கள்.

இந்த வருடக் காலண்டரில் கடைசி ‘க.கு.’ ஏப்ரல் 19, ஒன்றரை லிட்டர் பாலுக்குப் பக்கத்தில். அன்று அதை எழுதும்போது பேனா மக்கர் செய்தது, அதுதான் நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு இ-பேர்டில் போட்ட பதினோரு பட்டியல்களிலும் அது இல்லை.