லிப்ரே ஆபீஸா, ஓப்பன் ஆபீஸா? பிழையைச் சொன்னால் எங்கே சரியாகும்?

இரண்டும் ஆவணம், கணக்கு அட்டவணை போன்றவற்றைத் தயாரிக்க உதவும் இலவச மென்பொருள்கள்; ஒரே வேரில் முளைத்தவை. 2010-ல் லிப்ரே ஆபீஸ் தனியே பிரிந்தது. 2011-ல் ஓப்பன் ஆபீஸ் திறமூல மென்பொருள்களைப் பராமரிக்கும் அப்பாச்சி அறக்கட்டளையின் கைக்குப் போனது.

வித்தியாசம் ஆள்பலத்தில்தான். ஓப்பன் ஆபீஸ் 2014-ல் வந்த 4.1 வரிசையிலேயே சின்னச் சின்னத் திருத்தங்களோடு நகர்கிறது. அதில் மைக்ரோசாஃப்ட் வேர்டின் டாக்எக்ஸ் (.docx) கோப்பைத் திறக்கலாம், அதே வடிவில் சேமிக்க முடியாது. லிப்ரே ஆபீஸில் ஆண்டுக்கு இரண்டு பெரிய வெளியீடுகள் வருகின்றன. அதனால் என் ஓட்டு அதற்கே.

ஆனால் அங்கேயும் நாம் சொல்லும் பிழையை யாராவது தன் கணினியில் செய்துபார்த்து உறுதிப்படுத்த வேண்டும். இப்படிச் செய்துபார்ப்பவர்களில் பலர் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். "அட்டவணை சரியில்லை" என்று மட்டும் எழுதினால் அவர் என்ன செய்வார், பாவம்? பதிப்பு எண், பிழை வரும் படிகள், அப்புறம் ஒரு மாதிரிக் கோப்பு: இவ்வளவும் கொடுத்தால் அவருடைய ஒரு மாலைப்பொழுது மிச்சமாகும்.