மஸ்கி மீனுக்கு முதல் செட் வாங்கப் போகிறீர்களா? ஐந்து சீசன் பாவித்த அனுபவம்

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருந்து வடகிழக்கே ஒன்றரை இரண்டு மணி நேரம் கார் ஓடினால் கவார்த்தா ஏரிகள் வந்துவிடும். பிஜன் லேக், ஸ்டர்ஜன் லேக், பால்சம் லேக் என்று ஒன்றோடொன்று தொடுத்த ஏரிகள். ஜூன் முதல் சனிக்கிழமை மஸ்கி சீசன் திறந்தால் அன்றைக்கே போய்விடுவேன், பிறகு இலையெல்லாம் கொட்டி, ஈர நூல் விரலை விறைக்க வைக்கும் நாள்வரை நேரம் கிடைக்கும்போதெல்லாம் அங்கேதான். இப்படி ஐந்து சீசன் போய்விட்டது. புதிதாக இறங்குகிற தம்பிமார் இரண்டு மூன்று பேர் என்ன வாங்குவது என்று தொடர்ந்து கேட்டுக்கொண்டே இருப்பதால், நான் வாங்கியதில் எது நின்றது, எது வீணானது என்று எழுதி வைக்கிறேன்.

மஸ்கியைப் பார்க்காதவர்களுக்கு: நம் சீலாவைப் போல நீண்ட உடம்பு, வாய் நிறையப் பல், பைக் மீனின் இனம். பத்தாயிரம் தடவை வீசினால் ஒன்று என்று இங்கே சொல்வார்கள். கவார்த்தாவில் அவ்வளவு மோசமில்லை, மீன் எண்ணிக்கை அதிகம், அளவு கொஞ்சம் சிறிது. அதனால்தான் புதியவர்கள் பழக நல்ல இடம் என்று நினைக்கிறேன்.

எல்லோரும் முதலில் கேட்பது, பாஸ் என்ற சிறிய மீனைப் பிடிக்கிற தடியே போதாதா என்பதுதான். போதாது. மீனின் பலத்துக்காக மட்டும் சொல்லவில்லை. மஸ்கிக்கு வீசும் லூர், அதாவது முள் வைத்த போலி இரை, இரண்டு அவுன்ஸில் இருந்து நாலு ஐந்து அவுன்ஸ்வரை இருக்கும், சாதாரண பாஸ் தடி ஒரு அவுன்ஸ் தாண்டினாலே திணறும். அதைவிட முக்கியம், மெல்லிய செட்டில் கொளுவினால் மீனைக் கரைக்குக் கொண்டுவர நெடுநேரம் ஆகும், அந்த நேரம் முழுக்க அது தன் பலத்தை எல்லாம் செலவழிக்கிறது. திரும்பத் தண்ணீரில் விட்ட பிறகு நீந்திப் போவது போல இருக்கும், ஆனால் பிழைக்காமல் போகலாம். தடித்த செட் நமக்காக இல்லை, மீனுக்காக.

தடியில் நான் செய்த பிழை நீளம். முதலில் ஏழு அடியில் ஒன்று வாங்கினேன். வீசுவதற்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் மஸ்கி லூரைத் தொடர்ந்து படகு வரைக்கும் வந்து நின்று பார்க்கும் மீன், அதனால் ஒவ்வொரு வீச்சின் முடிவிலும் லூரைத் தண்ணீரில் இருந்து தூக்காமல், தடியின் நுனியை நீருக்குள் விட்டு 8 போல அகலமாக வளைத்து வளைத்து இழுக்க வேண்டும். ஏழு அடித் தடியில் அந்த வளைவு குறுகிப்போகிறது, நீண்ட மீனால் அதில் திரும்ப முடியாமல் விலகிப் போய்விடும். முதல் சீசனில் மட்டும் நாலு மீன் இப்படி என் காலடியில் வந்து திரும்பிப் போயின. அடுத்த வருடம் எட்டரை அடி, ஹெவி வகைத் தடி ஒன்று வாங்கினேன், இன்றுவரை அதுதான். நான் பிடித்த பதினொரு மீனில் ஐந்து இந்த 8 போடும்போது படகோரத்தில் கடித்தவை. நுனியில் இருந்து அடிவரை ஒரே துண்டாக வாங்கினால் காருக்குள் ஏறாது, அதனால் கைப்பிடிக்குள் உள்ளிறங்கும் வகையாகப் பார்த்து வாங்குங்கள்.

ரீலில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். மலிவாகக் கிடைத்தது என்று நான் வாங்கிய முதல் ரீல் இரண்டாவது கோடையிலேயே உள்ளே பல்சக்கரம் தேய்ந்து, சுற்றும்போது கரகரவென்று சத்தம் போட்டு, கடைசியில் கைப்பிடி சும்மா சுழன்றது. வாங்கிய கடையில் உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டது என்றார்கள். அப்புறம் அபு கார்சியாவின் அம்பாசடர் 6500 வட்ட ரீலுக்கு மாறினேன். பழைய காலத்து வடிவம், கொஞ்சம் பாரம், ஆனால் நாலு சீசனாக வருடத்துக்கு ஒரு தடவை கழற்றித் துடைத்து எண்ணெய் விடுவதைத் தவிர வேறு ஒன்றும் செய்யவில்லை. கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினால் நூல் உருளை 5.3 சுற்றுச் சுற்றும் விகிதம், பெரிய தகடு வைத்த லூரை இழுக்கும்போது தோள் வலிக்காத வேகம். இதைவிட நல்ல ரீல்கள் நிறைய இருக்கின்றன, விலையும் அப்படித்தான். தொடங்க இது தாராளம்.

நூல் 80 இறாத்தல் பின்னல் நூல், நான் பாவிப்பது பவர்புரோ. இருபது இறாத்தல் மீனுக்கு எதற்கு எண்பது என்று நானும் யோசித்து முதலில் 30 போட்டேன். வீசும்போது ரீலில் நூல் சிக்கினால், பறந்துகொண்டிருக்கும் மூன்று அவுன்ஸ் லூர் அந்த இடத்திலேயே நூலைப் பட்டென்று அறுத்துக்கொண்டு போய்விடும். இருபத்தைந்து டொலர் லூர் இரண்டு, ஒரே காலையில், ஸ்டர்ஜன் லேக்கின் நடுவில். தவிர மெல்லிய நூல் இழுவையில் சுற்றுக்குள் புதைந்து அடுத்த வீச்சைக் கெடுக்கும். தடித்த நூல் சிக்கினாலும் பெரும்பாலும் தாங்கும், சிக்கை எடுப்பதும் சுலபம். சாதாரணத் தங்கூசி (நைலோன் நூல்) இதற்குச் சரிவராது, அது இழுபடும், கொளுவ வேண்டிய நேரத்தில் அந்த இழுவையே விசையைத் தின்றுவிடும்.

நூலுக்கும் லூருக்கும் நடுவில் லீடர், அதாவது பல்லுக்குத் தாங்கும் ஒரு தடித்த துண்டு, கட்டாயம். பின்னல் நூலை மஸ்கியின் பல் ஒரு நொடியில் அறுத்துவிடும், அப்புறம் அந்த மீன் வாயில் மூன்று முனைத் தூண்டில் முள்ளோடு திரியும். ஓர் அடி நீளத்தில் 130 இறாத்தல் புளோரோகார்பன் லீடர் போடுகிறேன். தினமும் காலையில் விரலால் தடவிப் பார்ப்பேன், எங்காவது நெருடினால் மாற்றிவிடுவேன்.

லூர்தான் புதியவர்களின் காசைத் தின்னும் இடம். கடைச் சுவரில் தொங்குவதைப் பார்த்தால் கை நிற்காது. என்னிடம் இன்று முப்பதுக்கு மேல் இருக்கிறது, ஆனால் மீன் பிடித்துத் தந்தது நாலே நாலு. மெப்ஸ் மஸ்கி கில்லர் என்ற தகடு சுழலும் மான்வால் லூர் ஒன்று, கறுப்பு நிறம். சும்மா வீசி ஒரே வேகத்தில் சுற்றினாலே வேலை செய்யும், பாசிக்கு மேலால் இழுக்கலாம், பழகுவதற்கு இதைவிட நல்லது தெரியவில்லை. ஒரு சூயிக், தட்டையான மரத்துண்டு, இழுத்தால் தாழும், விட்டால் மெதுவாக மிதந்து எழும், அந்த எழும் நேரத்தில்தான் கடி. ஒரு புல்டாக், மென்ரப்பர், இலையுதிர் காலத்தில் ஆழத்துக்கு. மாலையில் காற்று விழுந்தால் மேற்பரப்பில் தண்ணீரைக் கொத்திக்கொண்டு போகும் ஒன்று. 10 எண் தகடு இரண்டு வைத்த பெரிய லூர்களை முதல் வருடத்தில் வாங்க வேண்டாம், அரை நாளில் மணிக்கட்டு போய்விடும்.

சரி, இப்போது நான் உண்மையில் சொல்ல வந்தது. மேலே சொன்ன எதையும் வாங்க முன்னர் கைவலையும் குறடுகளும் வாங்குங்கள்.

என் முதல் மஸ்கி 34 அங்குலம். பாஸ் பிடிக்கிற சின்ன வலையும் சாதாரணக் குறடும்தான் அன்று கையில். மீன் வலைக்குள் பாதி, வெளியே பாதி. சுருண்டு உருண்டதில் ஒரு முள் செவுளில் ஏறிவிட்டது. அதை எடுக்க எட்டு நிமிடம் போராடினோம், நானும் மச்சானும். மீன் வெளியே, ஜூலை வெயில். தண்ணீரில் விட்டு வாலைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றேன், அது நிமிரவில்லை. பெண் மீன் முட்டையிடும் பருவத்துக்கு வரவே ஐந்தாறு வருடம் ஆகும், இருபது வருடம் தாண்டி வாழக்கூடியது. அன்று வீடு திரும்பும்வரை நாங்கள் இருவரும் பேசவில்லை.

அடுத்த வாரம் வாங்கியது: ஆழமான, ரப்பர் பூசிய பெரிய கைவலை. மீனைத் தண்ணீருக்குள்ளேயே அந்த வலைப்பையில் வைத்திருக்கலாம், அது மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போதே முள்ளை எடுக்கலாம். பதினொரு அங்குல நீண்ட மூக்குக் குறடு. அப்புறம் நிப்பெக்ஸ் சின்ன போல்ட் கட்டர், என்னிடம் உள்ளதிலேயே நான் மிக மதிக்கும் சாமான் இதுதான். முள் ஆழமாக ஏறியிருந்தால் இழுக்கவே கூடாது, கிடைக்கிற இடத்தில் வெட்டிவிட வேண்டும். முள்ளின் விலை ஒரு டொலர்தான். அதற்குப் பிறகு வந்த பத்து மீனும் நீந்திப் போயின. படம் எடுப்பதென்றால் கமராவை முதலில் தயாராக்கிவிட்டு, மீனைக் கிடையாக, வயிற்றைத் தாங்கித் தூக்கி, நம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் நேரத்துக்குள் திரும்ப விட்டுவிடுங்கள். தண்ணீர் 27 பாகை செல்சியஸைத் தாண்டினால் நான் மஸ்கிக்குப் போவதில்லை, அந்தச் சூட்டில் களைத்த மீன் மீள்வது கடினம். ஐம்பது டொலருக்குள் ஒரு வெப்பமானி வாங்கிப் படகில் கட்டிவிடலாம்.

அம்மா ஒருநாள் கேட்டா, "சாப்பிடாத மீனுக்கு ஏன் தம்பி இவ்வளவு காசு?" என்று. கவார்த்தாவில் உள்ள போபகேஜன் ஊரில் படகு எடுத்த ஒரு நாள் கூட்டிக்கொண்டு போனேன். 40 அங்குல மீன் ஒன்று வலைக்குள் கிடந்து செவுளை அசைப்பதை எட்டிப் பார்த்துவிட்டு, "கெதியா விடு, பாவம்" என்றா. ஒன்ராறியோவில் குறைந்த கட்டண கன்சர்வேஷன் உரிமம் எடுத்தால் மஸ்கியை வைத்திருக்கவே முடியாது, எல்லாம் விட வேண்டும். நானும் அந்த உரிமம்தான் எடுக்கிறேன்.

வெட்டிய முள்ளுக்குப் பதில் போட 5/0, 6/0 அளவில் மூன்று முனை முள் ஒரு பெட்டியும், வளையம் திறக்கும் சின்னக் குறடும் படகிலேயே வைத்திருங்கள். இல்லாவிட்டால் வெட்ட வேண்டிய நேரத்தில் லூர் வீணாகிறதே என்று கை தயங்கும்.