இடிபாடு அள்ளுபவரின் டிப்பரை டேப் வைத்து அளந்துவிடுங்கள்

பழைய வீட்டை இடிக்கக் கொடுக்கப்போகிறவர்கள் கவனத்துக்கு. சென்னையின் தெற்குப் புறநகரில் 1,000 சதுர அடி தரைத்தள வீடு ஒன்றில் நடந்தது இது.

பேசியது: கம்பி, தேக்குக் கதவு, ஜன்னல் எல்லாம் ஒப்பந்தக்காரருக்கு. இடிபாடு அள்ள யூனிட் (100 கன அடி) கணக்கில் கூலி. 10 நடை, நடைக்கு 3 யூனிட், ஆக 30 யூனிட் என்று பில் வந்தது. பின்கட்டில் இருந்த பாழ்கிணற்றையும் செப்டிக் டேங்கையும் மணல் போட்டு மூடியதாகச் சொல்லி, மேலே செம்மண் பரப்பி மட்டம் தட்டிக் கொடுத்தார். பார்க்கப் பளிச்சென்று இருந்தது. பணம் முழுக்கப் போய்விட்டது.

புது வீட்டுக்குத் தூண் குழி தோண்டும்போதுதான் குட்டு வெளிப்பட்டது. 5 அடியிலும் கெட்டி மண் இல்லை. கடப்பாரை பொதுக்கென்று இறங்குகிறது. உள்ளே செங்கல் துண்டு, டைல்ஸ், சிமெண்ட் சாக்கு, ஆஸ்பெஸ்டாஸ் சில்லு.

அதே டிப்பர் பக்கத்துத் தெரு வேலைக்கு வந்தபோது வீட்டுக்காரர்கள் தொட்டியின் உள்ளளவை எடுத்தார்கள்: 10 அடி நீளம், ஆறரை அடி அகலம், 3 அடி உயரம். 195 கன அடி. 100 கன அடிதான் ஒரு யூனிட். அப்படியானால் நடைக்கு 2 யூனிட்கூட முழுசாக இல்லை. பத்து நடையில் போனது 19.5 யூனிட். மீதி பத்தரை யூனிட் எங்கே? 5 அடி விட்டம், 40 அடி ஆழக் கிணறு சுமார் 785 கன அடி விழுங்கும். 8க்கு 4க்கு 5 அடி டேங்க் இன்னொரு 160. கிட்டத்தட்ட ஒன்பதரை யூனிட். கணக்கு ஏறக்குறைய உட்கார்ந்துவிட்டது!

இடிபாடு சீராக அமுங்காது, இடுக்கு இடுக்காக நிற்கும். மழை இறங்க இறங்க மண் உள்ளே சரிந்து, மேலே போட்ட தரை விரிசல் விடும். கிணற்றுக்குள் சிமெண்ட் தூள் போனால் நிலத்தடி நீரில் காரத்தன்மையும் ஏறும். டேங்க் என்றால் முதலில் கழிவை லாரி வைத்து உறிஞ்சி, அடித்தளத்தை உடைத்து, ஓரடி ஓரடியாக மணல் போட்டுத் தண்ணீர் விட்டு இறுக்க வேண்டும்.

"விதியெல்லாம் அபார்ட்மெண்டுக்குத்தான் சார்" என்றாராம் ஒப்பந்தக்காரர். அப்போது நடப்பில் இருந்த, மத்திய அரசின் 2016 கட்டுமான-இடிபாட்டுக் கழிவு விதிகள், ஒரே நாளில் 20 டன் இடிபாடு வந்தாலே கான்கிரீட், மண், செங்கல்-காரை, கம்பி-மரம்-பிளாஸ்டிக் என நான்காகப் பிரிக்கச் சொல்லின. தளர்வான இடிபாடு யூனிட்டுக்கு மூன்றரை முதல் 4 டன். இந்த டிப்பரில் மூன்று நடை போனாலே 20 டன் ஆகிவிடும்.

ஆகவே முதல் நடைக்கு முன்பே தொட்டியின் உள்ளளவை எடுத்து ஒப்பந்தத்தில் எழுதுங்கள். ஒவ்வொரு நடைக்கும் எடைமேடைச் சீட்டு கேளுங்கள், காலி எடையும் சேர்த்து. சென்னையில் பெருங்குடி, கொடுங்கையூரில் மறுசுழற்சி ஆலைகள் உண்டு; வண்டி எண்ணோடு அங்கே தரும் ரசீது வராத நடைக்குப் பணம் கிடையாது என்று முதலிலேயே பேசிவிடுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரையைச் சுத்தியலால் உடைக்க விடாதீர்கள். நனைத்து, போல்ட்டைக் கழற்றி, முழுத் தகடாக இறக்கித் தனியே கட்டி வைக்க வேண்டும்.

கிணற்றில் இடிப்பதற்கு முந்தின நாளும் முடிந்த நாளும் கல் கட்டிய கயிற்றை இறக்கி ஆழம் பாருங்கள். இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால் மட்டும் கூலியில் கடைசிக் கால் பங்கைக் கொடுங்கள்.