அட்டைப்பெட்டி லைட்பாக்ஸும் ராணி பிங்க் ஜிமிக்கியும்

நாங்கள் செய்து விற்கிற நகைகளைப் படம் எடுக்க உதவும் வெளிச்சப் பெட்டி இருக்கிறதே, மடக்கி வைக்கிற அந்த ரெடிமேட் லைட்பாக்ஸ் விலை குறைந்திருக்கிறதாம், அதை வாங்கவா இல்லை உன்னை மாதிரி அட்டைப்பெட்டியிலேயே செய்துகொள்ளவா என்று தோழி கேட்டிருக்கிறாள். வாய்ஸ் நோட் போட்டால் திட்டாகத்தான் வரும் என்பதால் எழுதிவிடுகிறேன்.

மூன்று பக்கம் ஜன்னல் வெட்டி, பட்டர் பேப்பர் ஒட்டி, உள்ளே வெள்ளை சார்ட்டை மடிப்பு விழாமல் வளைத்து வைப்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். டெரகோட்டா என்கிற சுட்ட களிமண் நகைக்கு இந்தப் பெட்டியைக் குறையே சொல்ல மாட்டேன். ஒன்று மட்டும், ஜன்னலுக்கு ஒன்றாக வெளியே வைத்த மூன்று பல்பையும் போட்டால் ஊசியால் கீறிய பூ வேலை எல்லாம் தட்டையாகிவிடும். ஒரு பக்கப் பல்பை அணைத்துப் பாருங்கள், ஒவ்வொரு இதழும் எழுந்து நிற்கும். தங்கப் பெயின்ட் வெளுத்துத் தெரிந்தால் பக்கத்தில் ஒரு கறுப்பு சார்ட் துண்டை நிறுத்தினால் போதும், அந்தக் கறுப்பு அதில் பிரதிபலித்துத் தங்கத்துக்கு ஒரு ஆழம் வந்துவிடுகிறது. இதைக் கண்டுபிடித்த ராத்திரி தூக்கமே வரவில்லை எனக்கு.

ஆனால் பட்டு நூல் சுற்றிய நகை! ராணி பிங்க் ஜிமிக்கியை உள்ளே வைத்தால் ஒரு படத்தில் வெளுத்த ரோஸ், அடுத்த படத்தில் கிட்டத்தட்ட ஊதா, அரக்கோ காப்பிப்பொடி நிறத்துக்குப் போய்விடுகிறது. நம்மிடம் வாங்குகிறவர்கள் புடவைக்கு மேட்சாகத்தான் கேட்கிறார்கள், முந்தானையைப் படம் பிடித்து அனுப்பி "அக்கா, இதே கலர்தானே?" என்பார்கள், பார்சல் கைக்குப் போனதும் "போட்டோல வேற மாதிரி இருந்துச்சேக்கா" என்பார்கள். அவர்களைச் சொல்லி என்ன பயன்?

கோளாறு பல்பில். 6500 கெல்வின் என்று பல்பு வந்த அட்டையில் இருப்பது வெளிச்சம் எவ்வளவு வெள்ளை என்பதை மட்டும்தான் சொல்லும், நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதற்கு சிஆர்ஐ என்று வேறொரு எண் இருக்கிறது. சாதாரண எல்இடி பல்புகளில் அது 80 பக்கம். அதுவும் எட்டு வெளிர் நிறங்களின் சராசரி, அடர் சிவப்பு அந்தக் கணக்கிலேயே இல்லை, நம் கல்யாண நகை நிறங்களோ முக்கால்வாசி அங்கேதான் இருக்கின்றன. 90க்கு மேல் உள்ள பல்பு போட்ட பிறகு அரக்கு பிழைத்தது. ராணி பிங்க் இன்னும் அடம் பிடிக்கிறது, ஃபோனில் வைட் பேலன்ஸை, அதாவது வெள்ளையை வெள்ளையாகக் காட்ட ஃபோன் நிறத்தைத் திருத்துவதை, ஆட்டோவில் விட்டால் படத்துக்குப் படம் மாறும், எல்லாவற்றையும் நாமே வைத்துக்கொள்ளும் ப்ரோ மோடில் போய்ப் பூட்டியே ஆகவேண்டும். அங்கேயே ஷட்டரை 1/100 நொடியில் வைத்துவிடுங்கள், நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் கரண்டில் மலிவு பல்புகள் நொடிக்கு 100 முறை துடிப்பதால் விழுகிற குறுக்குக் கோடும் போய்விடும். பட்டர் பேப்பரும் லேசுப்பட்டதில்லை, நாளாக நாளாகப் பழுப்பேறி எல்லாவற்றுக்கும் மஞ்சள் பூசுகிறது. அதற்குப் பதில் பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டினால் போட்ட நீலமெல்லாம் படத்தில் இறங்குகிறது.

அதே ஜிமிக்கியைக் காலை ஒன்பது மணிக்கு, வெயில் நேராக விழாத ஜன்னல் ஓரம் வெள்ளைத் தாளில் வைத்து எடுத்தால் ராணி பிங்க் ராணி பிங்க்காகவே வருகிறது, பைசா செலவில்லாமல்.

ஆகவே தோழி, நீ செய்வது பட்டு நூல் வளையல், உனக்கு ரெடிமேடும் வேண்டாம், அட்டைப்பெட்டியும் வேண்டாம், அந்தக் காசுக்கு நூல்கண்டு வாங்கு. உனக்கு வேண்டாத உன் பெட்டியை எனக்குக் கொடு என்று மட்டும் கேட்காதே, தரமாட்டேன். ஐப்பசி அடைமழையில் தீபாவளி ஆர்டர் குவியும்போது ஜன்னலில் ஏது வெளிச்சம், எனக்கு அந்தச் சனியன்தான் கதி.