டேஷ்போர்டை இறக்கியதாகப் பில் போட்டார்கள், ஒரு போல்ட்டைக்கூடத் தொடவில்லை

டேஷ்போர்டில் சத்தம் வருகிறது என்று காரை சர்வீஸ் சென்டரில் விடப் போகிறவர்கள், விடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்குப் பதினோராயிரத்துச் சொச்சம் பில் வந்தது. சத்தம் அப்படியே இருந்தது, கூடவே புதிதாக இன்னொன்றும் வந்தது. மதுரையில் ஒரு பெரிய டீலரின் சர்வீஸ் சென்டர். பெயர் போட விரும்பவில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் இது எந்த ஊரிலும் நடக்கக்கூடியது.

என்னுடையது ஐந்து வருடப் பெட்ரோல் வண்டி. வழக்கமான சர்வீஸ் முடிந்து வந்த வாரத்திலேயே இடது பக்கம், கிளவ் பாக்ஸ் பின்னாலிருந்து டிக்கிடிக்கி என்று ஒரு சத்தம். பெரிய வேகத்தடையில் வராது. ரோட்டில் ஒட்டுப் போட்ட இடங்களில், முப்பது நாற்பதில் போகும்போதுதான் வரும். என் மனைவி கிளவ் பாக்ஸ் மூடியை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும், கையை எடுத்தால் மறுபடி ஆரம்பிக்கும். இதை அப்படியே சர்வீஸ் சென்டரில் வண்டியை வாங்கிக்கொள்ளும் அட்வைசரிடம் சொன்னேன். அவர் வண்டியை ஷோரூம் வாசலில் கான்கிரீட் தளத்தில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, "சத்தமே இல்லையே சார்" என்றார். வெளியே காளவாசல் பக்கம் போய்ப் பார்ப்போம் என்றேன். "டைம் இல்ல சார், நாங்க பார்த்துக்கிறோம்" என்றார். ஜாப் கார்டில், அதாவது வண்டியில் என்ன வேலை என்று குறிக்கும் தாளில், அவர் எழுதியது 'நாய்ஸ் செக்' என்ற இரண்டே வார்த்தை.

மாலையில் போன் வந்தது. லிங்க் ராடு இரண்டும் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்றார்கள். லிங்க் ராடு என்பது, வளைவில் வண்டி அதிகம் சாயாமல் பிடிக்கும் ஸ்டெபிலைசர் பாரையும் முன் சஸ்பென்ஷனையும் இணைக்கிற சின்னக் கம்பி. அதன் முனையில் இருக்கும் பந்து மூட்டு தேய்ந்தால் சின்னச் சின்னக் குழிகளில் டக் டக் என்று கேட்கும் என்பது உண்மைதான். ஆனால் வண்டிக்கு அடியில் இருக்கிற அந்தச் சத்தம் கிளவ் பாக்ஸை அழுத்தினால் எப்படி நிற்கும்? கேட்டேன். "ரெண்டும் சேர்ந்து இருக்கும் சார்" என்று பதில் வந்தது. சரி என்று மாற்றினார்கள். பழைய லிங்க் ராடு எங்கே என்றால், ஸ்கிராப்பில் போட்டாச்சாம்.

சத்தம் போகவில்லை. மறுபடி போனபோது சூப்பர்வைசரே வந்து, "டேஷ்போர்டை இறக்கித்தான் பார்க்கணும் சார், வேற வழியில்ல" என்றார். வண்டியை ராத்திரி வைத்துக்கொண்டார்கள். மறுநாள் பில்லில் 'டேஷ்போர்டு ரிமூவ் அண்ட் ரீஃபிட்' என்று ஒரு வரி, 'ஆன்டி நாய்ஸ் டிரீட்மென்ட்' என்று இன்னொரு வரி, அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. வீடு வந்து சேர்வதற்குள் இடது பக்கத்துப் பழைய சத்தம் வந்துவிட்டது. வலது பக்கம், கண்ணாடி ஓரத் தூணில் கிர்ர் என்று புதிதாக ஒன்று.

அதற்குப் பிறகுதான் எங்கள் தெருமுனையில் சின்னப் பட்டறை வைத்திருக்கும் அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் வண்டியை எடுக்கக்கூட இல்லை. முன் கதவைத் திறந்து, டேஷ்போர்டின் பக்கவாட்டு மூடியை நெம்பி எடுத்தார். உள்ளே டேஷ்போர்டை இரும்புச் சட்டத்தோடு பிடித்திருக்கும் போல்ட் தெரிந்தது. போல்ட் தலையில் தொழிற்சாலையில் இழுத்த மஞ்சள் பெயின்ட் கோடு, சட்டத்தின் மேலும் நேராக ஓடியது. ஐந்து வருடத் தூசி அதன்மேல் ஒரே சீராகப் படிந்திருந்தது. "இதக் கழட்டாம டேஷ்போர்டு எப்படித் தம்பி இறங்கும்?" என்றார்.

இன்னொன்றும் கேட்டார். கடிகாரம் மணி மாறியிருந்ததா? மாறவில்லை. டேஷ்போர்டுக்குள் பயணி பக்கத்து ஏர்பேக் இருக்கிறது. அதைத் தொடும் வேலை என்றால் முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றிச் சில நிமிடம் காத்திருக்க வேண்டும், அப்புறம்தான் மஞ்சள் நிற ஏர்பேக் கனெக்டரில் கை வைக்க வேண்டும். போன வருடம் பேட்டரி மாற்றியபோது என் வண்டியில் கடிகாரம் ஒரு மணிக்குப் போய் நின்றது, ரேடியோவில் சேமித்த ஸ்டேஷன்களும் போயின. இந்த முறை எல்லாம் போட்டது போட்டபடி இருந்தது. யாரோ மணியைத் திருத்தி வைத்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம், ஸ்டேஷன்களையுமா தேடிப் போட்டிருப்பார்கள்?

அப்புறம் கிளவ் பாக்ஸ். இரண்டு பக்கச் சுவரையும் உள்நோக்கி அழுத்தி, முழுதாகக் கீழே தொங்கவிட்டார். பின்னால் ஏசி ஃபில்டரின் நீளமான மூடி. அதன் ஒரு பக்கக் கொக்கி மாட்டியிருந்தது, மறுபக்கம் மாட்டாமல் வெறுமனே சாய்ந்து நின்றது. விரலால் தட்டிக் காட்டினார். அதே டிக்கிடிக்கி. கிளவ் பாக்ஸை மூடி அழுத்தினால் அதன் முதுகு இந்த மூடியை நெருக்கிப் பிடிக்கும், அதனால்தான் சத்தம் நின்றிருக்கிறது. மூடியைச் சரியாக அழுத்தினார், 'டக்' என்று உட்கார்ந்தது. ஓரத்தில் ஒயர் கட்டுக்குச் சுற்றுகிற பஞ்சு மாதிரியான துணி டேப்பைக் கொஞ்சம் ஒட்டினார். சத்தம் தீர்ந்தது. வாங்க மாட்டேன் என்றவரிடம் டீ காசு என்று சொல்லித்தான் நூறு ரூபாய் கொடுக்க முடிந்தது.

முந்தைய சர்வீஸ் பில்லை எடுத்துப் பார்த்தேன். 'ஏசி ஃபில்டர் கிளீனிங்' என்று ஒரு வரி இருக்கிறது. அவர்களே சரியாக மாட்டாமல் விட்ட மூடி, அதன் சத்தத்துக்கு அவர்களே லிங்க் ராடு விற்று, இறக்காத டேஷ்போர்டுக்குக் கூலியும் வாங்கியிருக்கிறார்கள். அலட்சியத்தை மன்னித்துவிடலாம், செய்யாத வேலைக்கு வாங்கிய காசை எப்படி மன்னிப்பது?

வலது தூணில் வந்த புதுச் சத்தத்துக்கும் காரணம் கிடைத்தது. தூண் உறையை மட்டும் நெம்பிப் பார்த்துவிட்டு, காது உடைந்த பிளாஸ்டிக் கிளிப்போடு திரும்ப அடித்துவிட்டார்கள். இந்தக் கிளிப்புகளில் பல ஒருமுறை கழற்றினாலே பிடிமானம் போய்விடும். உண்மையில் டேஷ்போர்டு இறங்கியிருந்தால் பில்லில் நாலைந்து கிளிப்பாவது பாகமாக வந்திருக்கும். என் பில்லில் ஒன்றுகூட இல்லை. உங்கள் பில்லிலும் இதைப் பாருங்கள்.

வண்டியை விடுவதற்கு முன் வீட்டிலேயே பாதி வேலையை முடித்துவிடலாம். கிளவ் பாக்ஸ், கதவுப் பை, கப் ஹோல்டர் எல்லாவற்றையும் காலி செய்யுங்கள். சீட் பெல்ட் கொக்கி தூணில் தட்டுகிறதா பாருங்கள். பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து, மெதுவாக ஓட்டியபடி ஒவ்வொரு இடமாக அழுத்தச் சொல்லுங்கள்: கிளவ் பாக்ஸ், ஏசி துவாரம், ஸ்பீக்கர் மூடி, கண்ணாடி ஓரம். கைக்கு எட்டாத இடுக்குகளில் பெயின்டர்கள் ஒட்டும் மாஸ்கிங் டேப்பை ஒரு நேரத்தில் ஒரு இடம் என்று ஒட்டி ஓட்டிப் பாருங்கள். எங்கே ஒட்டியபோது நின்றதோ, அங்கேதான் குறை. எங்கே அழுத்தினாலும் மாறவில்லை என்றால் அப்போது சஸ்பென்ஷனைச் சந்தேகப்படலாம். வைப்பருக்குக் கீழே இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் தட்டையும் விடாதீர்கள், அது வெளியே ஆடினாலும் டேஷ்போர்டுக்குள் ஆடுவது போலத்தான் கேட்கும். டேஷ் கேமரா, ஜிபிஎஸ் ஏதாவது பின்னால் மாட்டியிருந்தால் முதல் சந்தேகம் அதன் ஒயர்மேல்.

ஜாப் கார்டில் எந்தப் பக்கம், எந்த வேகத்தில், எதை அழுத்தினால் நிற்கிறது என்று முழுதாக எழுதவைத்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். கழற்றும் பழைய பாகம் என் கைக்கு வரவேண்டும் என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள். டேஷ்போர்டை இறக்குவதாக இருந்தால் இறங்கிய நிலையில் ஒரு படம் கேளுங்கள். வேலை முடிந்து சாவி போட்டதும் ஏர்பேக் விளக்கு சில வினாடி எரிந்து அணைய வேண்டும், எரியாமலே இருந்தாலும் அணையாமல் நின்றாலும் வண்டியை எடுக்காதீர்கள்.

நான் போல்ட், மூடி, கிளிப் எல்லாவற்றையும் படம் எடுத்து, இரண்டு பில்லோடும் சேர்த்து டீலருக்கும் கார் கம்பெனிக்கும் மெயில் போட்டேன். 'அந்தப் பிளாஸ்டிக் அப்படித்தான் சார்' என்ற ரீதியில் ஒரு பதில், அப்புறம் மௌனம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்த பிறகுதான் கிளை மேனேஜர் கூப்பிட்டார். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமே கிடையாது. இது எனக்குத் தெரியும் என்று தெரிந்ததும் அவர் குரல் மாறியது.

டேஷ்போர்டு கூலியையும் 'டிரீட்மென்ட்' காசையும் திருப்பித் தருகிறோம், 'எனக்குப் புகார் எதுவும் இல்லை' என்று ஒரு தாளில் கையெழுத்துப் போடுங்கள் என்றார்கள். பணத்தை வாங்கியதற்கு மட்டும் எழுதிக் கொடுத்தேன், மற்றதை அடித்துவிட்டேன். வலது தூணுக்குப் புதுக் கிளிப் போட்டுக் கொடுத்தார்கள். லிங்க் ராடு பணம் இன்னும் வரவில்லை. பழைய பாகத்தைக் காட்டுங்கள், இல்லாவிட்டால் பணத்தைத் தாருங்கள் என்று எழுதிக் கேட்டிருக்கிறேன்.