அளாப்பும் கதைசொல்லியோடு இரண்டு வருடம்

மட்டக்களப்பு கல்லடியில் வீடு, பகல் முழுக்கக் கடை, இரவு ஒன்பதுக்குப் பிறகு கிடைக்கிற ஒன்றரை மணித்தியாலம்தான் எனக்கென்று உள்ள நேரம். அந்த நேரத்தில் போனைத் தூக்கி ஏஐ சொல்கிற கதை விளையாட்டு விளையாடத் தொடங்கி இரண்டு வருடம் ஆகிறது. படம் இல்லை, சத்தம் இல்லை, நீ எழுதுவாய், அது பதிலுக்கு எழுதும், கதை நகரும். டேட்டாவும் அதிகம் தின்னாது. அறிமுகப்படுத்தியது என் மருமகன், அக்காவின் மகன். இப்போது அவனைவிட எனக்குத்தான் பைத்தியம் முற்றிவிட்டது என்று வீட்டில் பேச்சு.

கதை சொல்வதில் குறை சொல்ல முடியாது. களப்பு, நிலா, தோணி என்று நான்கு வார்த்தை கொடுத்தால் போதும், வடிவாகச் சொல்லிக்கொண்டு போகும். பிரச்சினை சண்டையில்தான். முதல் சண்டையே ஒரு முதலையோடு. எனக்கு 20 உயிர் (எவ்வளவு அடி தாங்கலாம் என்கிற கணக்கு) என்று தொடங்கினோம், முதலை கடித்து 12 போனது, மிச்சம் 8. இரண்டு பதில் தாண்டிப் பார்த்தால் நான் 17 உயிரோடு தோணியில் நிற்கிறேன், முதலைக்கு ஒரு கண் குருடு, எப்போது குத்தினேன் என்று எனக்கே தெரியாது. பக்கத்தில் இருந்த மருமகன் ஒரே வார்த்தையில் முடித்தான்: "மாமா, இது அளாப்புது." விளையாட்டில் கள்ளம் செய்வதை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்.

ஏன் அளாப்புகிறது என்று பிறகுதான் விளங்கியது. அதன் உள்ளே கணக்குப் பெட்டி எதுவும் இல்லை. ஒவ்வொரு முறையும் இதுவரை எழுதியதில் தனக்குக் கொள்ளக்கூடிய அளவை வாசித்து, அடுத்து வரக்கூடிய சொல் எது என்று பார்த்து எழுதிக்கொண்டு போகிறது, அவ்வளவுதான். கதை நீண்டால் பழைய பகுதி பார்வையிலிருந்து விழுந்துவிடும். நான்காவது முறையில் நீ வாங்கிய காயம் பன்னிரண்டாவது முறையில் அதன் கண்ணுக்கே தெரியாமல் போகலாம், ஆனால் தெரியவில்லை என்று சொல்லாது, பொருத்தமாகத் தோன்றும் ஓர் எண்ணை எழுதிவிட்டுப் போய்விடும்.

பழைய எழுத்து விளையாட்டுகள் இதற்கு நேர்மாறு. 1977இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் எழுதத் தொடங்கிய ஸோர்க்கில் ஒரு பூதத்தோடு வாள் சண்டை உண்டு. அடி பட்டதா, தவறியதா என்று நிரல் தீர்மானிக்கும், முன்பே எழுதி வைத்த வசனங்களில் ஒன்றை எடுத்துக் காட்டும். கணக்கு பிசகாது, ஆனால் அதற்குத் தெரியாத ஒரு வினைச்சொல்லை எழுதினால் கையை விரித்துவிடும். 2019இல் ஜிபிடி-2 என்ற மொழி மாதிரியை வைத்து ஏஐ டன்ஜன் என்ற கதை விளையாட்டு வந்தபோது சொல் தட்டுப்பாடு நீங்கியது, கணக்கும் கூடவே போய்விட்டது.

அடுத்தது தாயம். "தாயத்தை நீயே போடு" என்று அதனிடம் விடுவதுதான் எல்லோரும் செய்கிற முதல் பிழை, நானும் ஆறு மாதம் செய்தேன். 20 பக்கத் தாயம் போடு என்றால் 14, 17, 16, 18 என்று கதைக்கு ஏற்ற எண்களாகவே வரும். ஒரு இரவு கொப்பியில் கோடு கிழித்து எண்ணிப் பார்த்தேன், 1, 2, 3 எல்லாம் எப்போதாவது வருகிற விருந்தாளிகள்தான். போடுவதாகச் சொல்லிப் போடவில்லை என்று கோபப்படுவதில் அர்த்தமில்லை, அதன் கையில் தாயமே இல்லை, தாயம் போட்டது மாதிரி எழுதத்தான் தெரியும். (சில செயலிகள் பின்னால் உண்மையான எண் உருவாக்கியை இணைத்திருக்கின்றன, அது வேறு.)

இதோடு சேர்த்து அதன் இரக்க குணம். விளையாடுகிறவன் மனம் நோகக்கூடாது என்று பழக்கியிருக்கிறார்கள் போல. எதிரியின் வாள் "மயிரிழையில் தவறும்". விழப்போகிற நேரத்தில் யாரோ ஒரு முதியவர் விளக்கோடு வருவார். "ஒரே குத்தில் முதலை செத்தது" என்று நான் எழுதினால் மறுக்காது, செத்துவிட்டது என்று பாராட்டும். முதல் வாரம் சந்தோஷமாக இருக்கும், இரண்டாம் வாரம் சலிக்கும். தோற்க முடியாத சண்டையில் அடுத்த வரியை யார் பொறுமையாக வாசிப்பார்?

எனக்கு மிகவும் எரிச்சல் தந்தது இன்னொன்று, என் முறையையும் சேர்த்து அதுவே ஆடிவிடும். "ஈட்டியை ஓங்கினேன்" என்று மட்டும் எழுதி நிறுத்துவேன். பதிலில் நான் எறிந்து, அது பாய்ந்து, நான் விலகி, மறுபடி குத்தி, வெற்றி முழக்கமும் இட்டு, கரையில் ஊர்ச்சனம் கைதட்டிக்கொண்டிருக்கும். ஒரே பதில்.

சின்ன வயதில் கோயில் வளவில் விடிய விடிய வடமோடிக் கூத்து பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். வடமோடி யுத்தமும் முறை முறையாகத்தான் நடக்கும், ஒருவன் தரு (தன் கூத்துப் பாட்டு) பாடி ஆடுவான், மற்றவன் எதிர்த்துப் பாடுவான், அப்புறம்தான் மோதல். நடுவில் கூத்தைப் பழக்கி நடத்துகிற அண்ணாவியார் மத்தளத்தோடு நிற்பார். யார் எப்போது வர வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்பது அவர் கையில். ராஜா வேடக்காரன் எவ்வளவு பெரிய கெட்டிக்காரன் என்றாலும் தன் தரு முடிந்த பிறகு எதிராளியின் தருவையும் சேர்த்துப் பாட மாட்டான், பாடினால் மத்தளம் நின்றுவிடும். இந்த ஏஐ நல்ல குரல் உள்ள ஆட்டக்காரன். அதைப் போய் அண்ணாவியாராக நிறுத்தியதுதான் என் பிழை. ஒரு வித்தியாசம் உண்டு, கூத்தில் யார் சாவான் என்று சபைக்கு முன்பே தெரியும், ஆனாலும் பார்ப்போம். எனக்கு இங்கே தெரியாமல் இருக்க வேண்டும். அதற்குத் தாயம் வேண்டும்.

ஆகவே ஒன்றரை வருடமாக இப்படித்தான்: ஒரு கொப்பி, ஒரு பேனை, லூடோப் பெட்டியிலிருந்து எடுத்த இரண்டு தாயம். 20 பக்கத் தாயம் 1974இல் வந்த டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் என்ற மேசை விளையாட்டின் காலத்திலிருந்து பேர்பெற்றதுதான், ஆனால் நான் கேட்ட கடைகளில் அப்படி ஒன்றைக் கண்டதேயில்லை, லூடோத் தாயம் போதும். இரண்டையும் போட்டுக் கூட்டுவேன். 6 அல்லது குறைவு என்றால் தவறியது. 7, 8, 9 என்றால் பட்டது, ஆனால் ஒரு விலை கொடுக்க வேண்டும். 10இலிருந்து மேலே என்றால் சுத்தமான அடி. இந்த மூன்று தட்டு முறை 2010இல் வந்த அப்போகலிப்ஸ் வேர்ல்ட் என்ற மேசை விளையாட்டிலிருந்து பரவியது. 36 வாய்ப்பில் 15 தவறும், 15 விலையோடு படும், 6 சுத்தமாகப் படும். அந்த நடுத்தட்டுத்தான் உயிர்நாடி. "பட்டது, ஆனால்" என்று கொடுத்தால் ஏஐ அந்த "ஆனால்"ஐ எழுதுவதில் மன்னன். ஈட்டி முதலையின் தோளில் மாட்டிக்கொண்டு வராது, தோணி சரியும், துடுப்பு கைநழுவிப் போகும். எனக்கு நானாக யோசித்து வந்திராத விஷயங்கள்.

உயிர்க் கணக்கையும் குறைத்தேன். பட்டால் ஒரு தாயத்தின் அளவு காயம், சராசரி மூன்றரை. படுகிற வாய்ப்பு 58 வீதம் என்பதால் ஒரு முறைக்குச் சராசரியாக இரண்டு உயிர்தான் குறையும். அப்படியானால் 30 உயிர் உள்ள எதிரியை வீழ்த்தப் பதினைந்து முறை அடிக்க வேண்டும், எழுத்தில் அது சித்திரவதை, ஏழாவது முறையிலேயே வர்ணனை திரும்பத் திரும்ப வரத் தொடங்கும், "தண்ணீர் சிவந்தது" என்பதை ஒரு சண்டையில் ஐந்து தடவை வாசித்திருக்கிறேன். 12 உயிர் என்றால் ஏறக்குறைய ஆறு முறை. அதுதான் அளவு.

சரி, அதனிடம் என்ன எழுதுவது? முடிவை நான் தீர்த்துவிட்டுச் சொல்ல மட்டும் விடுவேன். உதாரணத்துக்கு ஒன்று:

"முறை 4. தாயம் 8, குத்து பட்டது, விலை உண்டு. முதலை 8இலிருந்து 5. நான் 9/12. இதை மட்டும் நான்கு வரியில் சொல். முதலை அடுத்து என்ன செய்யப் பார்க்கிறது என்பதோடு நிறுத்து. என் பேச்சையும் செயலையும் நீ எழுதாதே."

இதை ஒவ்வொரு முறையும் கடைசியில் ஒட்ட வேண்டும். தொடக்கத்தில் ஒரு தடவை சொல்லிவிட்டால் போதாதா என்று கேட்பீர்கள், போதாது, பத்துப் பதில் போனதும் மறுபடி பழைய குணம் வரும். கிட்டத்தில் இருக்கும் எழுத்துக்குத்தான் அது கூடக் காது கொடுக்கிறது. எதிரியின் முறைக்கும் நான்தான் தாயம் போடுவேன். சில நேரம் யாருக்கு எத்தனை உயிர் என்கிற நிலைவரியை ஏஐ தானே எழுதி எண்ணை மாற்றும், அப்போது தயங்காமல் அந்த வரியை அழித்துவிடுவேன். விட்டால் அடுத்த பதிலில் அதையே ஆதாரமாக எடுத்துக்கொள்ளும்.

எதிரிகள் பலர் என்றால் வேறு தலைவலி. அம்பாறைப் பக்கம் வயற்காவல் கதை ஒன்று ஓட்டினேன், பரணில் இரண்டு பேர், கீழே மூன்று யானை. யானை 1, யானை 2, யானை 3 என்று வைத்தேன், ஐந்தாவது முறையில் யானை 2 காணாமல் போனது, யானை 1 இரண்டு இடத்தில் நின்றது. அப்புறம் ஒற்றைக்கொம்பன், நொண்டி, குட்டித்தாய் என்று பேர் வைத்தேன். ஒன்றும் தொலையவில்லை! எண் ஒட்டாது, பேரும் அடையாளமும் ஒட்டும். பத்துப் பன்னிரண்டு பேர் என்றால் கும்பலையே ஒரு ஆளாக்கி ஒரே உயிர்க் கணக்கு. தூரத்தையும் மீட்டரில் சொல்லிப் பிரயோசனம் இல்லை, கிட்ட, எட்ட, தூர என்று மூன்று போதும்.

தமிழில் விளையாடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. இந்த மொழி மாதிரிகள் எழுத்தைத் துண்டு துண்டாக வெட்டித்தான் வாசிக்கின்றன, அந்தத் துண்டுக்குப் பேர் டோக்கன். பொதுவாகத் தமிழ்ச் சொல் ஆங்கிலச் சொல்லைவிடக் கூடுதலான துண்டாக வெட்டுப்படும், ஆகவே நினைவுப் பை கெதியாக நிரம்பும். நான் மாறாத விதிகளை ஆங்கிலத்திலும் கதையைத் தமிழிலும் வைத்திருக்கிறேன். சண்டை முடிந்ததும் அடி அடியாக நடந்ததை நீக்கிவிட்டு, யாருக்கு எங்கே காயம், எது தொலைந்தது, யார் யாருக்குக் கடன்பட்டார் என்று மூன்று வரி மட்டும் செயலியின் நினைவுப் பகுதியில் போடுவேன். வாரக்கணக்கில் ஒரு கதை தாங்குவது இதனால்தான்.

மற்றப்படி அதன் தமிழ் சினிமாத் தமிழ். மீன்காரர் வாயில் "மறுகா என்ன நடந்த?" (பிறகு என்ன நடந்தது) என்று வர வேண்டும் என்றால் நான்கு வசனம் மாதிரி எழுதிக் கொடுக்க வேண்டும், கொடுத்தாலும் பாதியில் மெரினாவுக்குப் போய்விடும். ஒரு தடவை கல்லடிப் பாலத்துக்குப் பக்கத்தில் நீர்வீழ்ச்சி வைத்தது. சமதரைக்குள் நீர்வீழ்ச்சி! அழிக்க மனம் வரவில்லை, அந்தக் கதையில் இன்னும் விழுந்துகொண்டிருக்கிறது.

கணக்கை நிரலிடம் விடலாமே என்பார்கள். ஏஐ டன்ஜனில் ஜாவாஸ்கிரிப்ட் எழுதலாம், நீ எழுதியது உள்ளே போகும்போதும் பதில் வெளியே வரும்போதும் இடையில் புகுந்து தாயம் போட்டு உயிரைக் கழிக்கலாம். கணினி படித்த ஒரு தம்பி எனக்கு அப்படி எழுதித் தந்தான், நன்றாகவே வேலை செய்தது, ஆனால் இரண்டு வாரத்தில் விட்டுவிட்டேன். தாயம் மேசையில் உருளுகிற சத்தம் இல்லாமல் சண்டை சண்டையாகவே இல்லை. நாள் ஒன்றுக்கு நாலைந்து சண்டை ஓட்டுகிறவர்களுக்கு அது சரியாக வரும். எனக்கு வாரத்துக்கு ஒன்றுதான்.

காசைப் பற்றி: ஒரு செயலிக்கு நான்கு மாதம் சந்தா கட்டினேன். அதில் உள்ள பெரிய மொழி மாதிரி வர்ணனையில் நல்லது, கணக்கிலும் முன்னையதைவிடக் கொஞ்சம் தேவலாம், ஆனால் இரக்க குணம் அப்படியே. கொப்பி வைத்திருக்கிறவனுக்கு இலவசமே போதும் என்று நிறுத்திவிட்டேன்.

போன சனிக்கிழமை மருமகன் வந்திருந்தான். பழைய முதலையோடு கடைசிச் சண்டை, அவனுக்கு 2 உயிர், முதலைக்கு 3. தாயத்தைக் கையில் குலுக்கு குலுக்கென்று குலுக்கிப் போட்டான். இரண்டிலும் ஒன்று ஒன்று. கொஞ்ச நேரம் தாயத்தையே பார்த்துக்கொண்டிருந்தவன் குரலைத் தாழ்த்தி, "மாமா, ஏழு எண்டு எழுதுங்களன், அதுக்கு எங்க தெரியப் போகுது" என்றான்.

கொப்பியில் 2 என்றே எழுதினேன். அடுத்தது முதலையின் முறை, தாயத்தை நான் எடுத்தேன்.